வெளி வைத்தியம்: சலுகையா, கடமையா?

இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரிக்குத் தெற்கே, நிவித்திகல என்னும் ஊர் உள்ளது. தேயிலையும் இறப்பரும் வளரும் சரிவுகளும் மாணிக்கக்கல் அகழும் குழிகளும் சூழ்ந்த பிரதேசம் அது. அங்கே ஒரு தோட்டத்து லயத்தில் வாழும் முதிய தொழிலாளி ஒருவருக்கு, ஒரு நாள் சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதாகக் கொள்வோம். வலி இல்லை. இரண்டு நாளில் அது தானாகவே நின்றும் விடுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் விசாரித்தால், “இதை நிபுணர் ஒருவர் பார்க்கவேண்டும்” என்ற விடையே கிடைக்கும்.

அந்த விடையோடு ஒரு கேள்வியும் பிறந்து விடுகிறது. நிபுணர் இருப்பதோ தொலைவில். நோயாளியை அவரிடம் சேர்ப்பது யாருடைய பொறுப்பு? உழைப்பைப் பெற்றவர்களின் பொறுப்பா, அன்றி நோயாளியின் தலைவிதியா? இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனைத் தெளிவாகக் காட்டுவது, கடல்களுக்கு அப்பால் வாழும் முன்னாள் படைவீரர்களின் கதை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்ணால் கண்டறியும் வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் செம்மையாகத் திறந்தது. ஜெர்மானிய வைத்தியர் மாக்ஸ் நிட்ஸே, ஒளியும் வில்லைகளும் பொருத்திய குழாய் ஒன்றை 1877 ஆம் ஆண்டில் செய்து காட்டினார். அதனை உள்ளே செலுத்தி, உயிருள்ள மனிதரின் சிறுநீர்ப்பையை உட்புறமாகப் பார்வையிட முடிந்தது. கருவி பிறந்ததோடு அதனைக் கையாளும் நிபுணரும் பிறந்தார். ஆனால், நிபுணர் நகரத்திலேயே தங்கினார். கிராமத்து நோயாளி அவரைத் தேடிச் செல்லவேண்டியவரானார்.

1895 ஆம் ஆண்டில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. பிராங்பர்ட் நகரத்து அறுவை வைத்தியர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் இந்நோய் தோன்றுவதைக் கண்டு அறிவித்தார். செய்த தொழிலே இந்நோய்க்கு வித்தாகலாம் என்பது அன்று புதுமையான கருத்து. அதிலும் கொடுமை யாதெனில், வித்து விழுந்து நோய் முளைப்பதற்குப் பல ஆண்டுகள், சில வேளை பல பத்தாண்டுகள், ஆகிவிடும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டு விலகியிருப்பார். முதலாளி அவரை மறந்திருப்பார். இன்று இந்நோய்க்கு முதன்மையான காரணம் புகைபிடித்தலே என்று அறிகின்றோம். ஆயினும், தொழிலின் பங்கு மறுக்கப்படவில்லை.

இந்தக் காலதாமதமே படைவீரர்களையும் வாட்டியது. வியட்நாம் போரில், 1962 முதல் 1971 வரை, அமெரிக்கப் படையினர் காடுகளை அழிக்கும் பொருட்டு இலையுதிர்க்கும் இரசாயனங்களை விமானத்திலிருந்து தெளித்தனர். அவற்றுள் ‘ஏஜன்ட் ஆரஞ்ச்’ என்பதில் டயாக்சின் என்னும் நஞ்சு கலந்திருந்தது. வியட்நாமிய மக்களும் அதற்கு ஆளாயினர். தெளித்த நாட்டின் வீரர்களும் ஆளாயினர். 1991 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. குறித்த சில நோய்கள் கண்ட வீரர், அந்நோய் போரினால்தான் வந்தது என்று தாமே நிரூபிக்க வேண்டுவதில்லை. அரசே அவ்வாறு அனுமானித்துக் கொள்ளும். ஆனால், அந்தப் பட்டியலில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இடம்பெறவில்லை. 2016 ஆம் ஆண்டில் அறிவியல் அறிஞர் குழு, இரண்டிற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கூறியது. அதன் பின்னும் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமே அந்நோயைப் பட்டியலில் சேர்த்தது. தெளிப்பு நின்று ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இளைஞராய்ப் போனவர்கள் முதியவர்களாகிக் காத்திருந்தனர்; காத்திருக்க இயலாதவர்கள் மறைந்தனர்.

உரிமை கிட்டினால் மட்டும் போதுமா? இந்நோயின் இயல்பை அறிந்தோர் போதாது என்பர். சிறுநீர்ப்பையில் மேலெழுந்தவாரியாகத் தோன்றும் கட்டியை, வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே அகற்றிவிடலாம். ஆனால், அது மீண்டும் மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. ஆகவே, தொடக்கத்தில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை உள்ளே பார்த்து வரவேண்டும். காசநோய்க்குரிய பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் முறையைக் கனடாவில் அல்வாரோ மொராலஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவும் வாரம் ஒரு முறையாக ஆறு வாரம் கொடுக்கப்படுவது. எனவே, இந்நோயாளிக்கு வைத்தியம் என்பது ஒரு நாள் காரியமன்று, ஓயாத பயணம். வைத்தியசாலையின் தூரமே இங்கு நோயின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கெனத் தனி வைத்தியசாலைகள் உண்டு. 2014 ஆம் ஆண்டில், பீனிக்ஸ் நகரிலிருந்த அத்தகைய வைத்தியசாலையில் வீரர்கள் நீண்ட காலம் காக்கவைக்கப்பட்டதும், அது கணக்குகளில் மறைக்கப்பட்டதும் வெளிவந்து நாட்டை உலுக்கின. அவ்வாண்டே, வெளி வைத்தியரிடம் அரசின் செலவில் செல்ல வழி செய்யும் சட்டம் பிறந்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கியது. அதன் கீழ் 2019 ஆம் ஆண்டில் வந்த விதி, எண்களைக் கொண்டு பேசியது: நிபுணரைக் காண 28 நாட்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், அல்லது வாகனத்தில் சராசரியாக 60 நிமிடங்களுக்கு மேல் பயணம் செய்ய நேர்ந்தால், வீரர் வெளியே செல்லலாம்.

இந்தியாவிலும் முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. தமிழகத்தின் வேலூர் போன்ற, படைக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மாவட்டங்களின் ஓய்வுபெற்ற வீரர்கள், அதன் வழியாக அங்கீகாரம் பெற்ற தனியார் வைத்தியசாலைகளுக்கு அனுப்பப்படுகின்றனர்.

இனி நிவித்திகலவிற்குத் திரும்புவோம். தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்திற்காக இலங்கையில் சட்டம் செய்யப்பட்டது 1872 ஆம் ஆண்டில். நோயுற்றவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதைத் தோட்டத்துரையின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது 1912 ஆம் ஆண்டுச் சட்டம். அதாவது, வெளியே அனுப்புவது தயவன்று, கடமை என்னும் கொள்கை இம்மண்ணிற்குப் புதிதன்று. ஆனால், 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பிரஜை என்ற முறையில் அரசைக் கேட்கும் குரல் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. தோட்டத்தின் கையையே அவர்கள் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்தனர்.

இன்று அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மகரகமவில் தேசிய புற்றுநோய் வைத்தியசாலை உள்ளது. இரத்தினபுரியிலிருந்து கொழும்பு செல்லும் பெருந்தெருவிலேயே மகரகம இருக்கிறது. ஆயினும், நிவித்திகலவிலிருந்து அது நூறு கிலோமீட்டர் அளவு தொலைவு. ஆறு வார மருந்துக்கு ஆறு பயணம், ஆண்டிற்கு நான்கு முறை பரிசோதனை என்றால் பத்துப் பயணம். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பயணமும் இழந்த ஒரு நாட்கூலி. துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ மற்றொரு நாட்கூலி.

பழைய சட்டம் “அனுப்பு” என்று மட்டும் சொன்னது. படைவீரர்களின் சட்டமோ, இத்தனை நாளுக்குள், இத்தனை நிமிடத் தூரத்திற்குள் என்று அளந்து சொன்னது. அளவு குறிக்கப்பட்டபோதுதான் கடமை கடமையாயிற்று. துப்பாக்கி ஏந்திய கைக்கு உரியது, கொழுந்து பறித்த கைக்கும் பால் வெட்டிய கைக்கும் உரியதே அன்றோ? அதுவரை லயத்து மக்கள் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. சிறுநீரில் இரத்தம் ஒரே ஒரு முறை தோன்றினாலும், வலியே இல்லாவிட்டாலும், நின்றுவிட்டது என்று ஆறுதல் கொள்ளாமல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வேளையோடு புறப்படும் பயணமே, தூரத்தின் கொடுமையைக் குறைப்பது.