பவானியை விடச் சின்ன நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே தொகை: கால்பந்துப் பணம் எப்படிப் பிரிகிறது?

ஈரோடு மாவட்டம் பவானி நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 39 ஆயிரம் பேர். நாலு பக்கமும் இத்தாலி சூழ்ந்திருக்கும் சான் மரினோ நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 34 ஆயிரம்தான்.

ஆனாலும் கால்பந்தில் சான் மரினோ தனி நாடு. சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவில் அதற்கு ஒரு ஓட்டு, 140 கோடி பேர் உள்ள இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு. வளர்ச்சி நிதியிலும் இரண்டுக்கும் அடிப்படை உச்சவரம்பு ஒன்றுதான்.

இப்படிச் சமமாகப் பிரித்தும் பணக்காரச் சம்மேளனங்களுக்கும் ஏழைச் சம்மேளனங்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பது ஏன்? இதில் இந்தியா எந்தப் பக்கம்?

ஃபிஃபா எவ்வளவு கொடுக்கிறது?

'ஃபிஃபா ஃபார்வர்டு' என்ற திட்டம் 2016-ல் தொடங்கியது. 2023 முதல் 2026 வரையிலான நான்கு ஆண்டுகளுக்கு, 211 உறுப்பு நாடுகளில் ஒவ்வொன்றும் 80 லட்சம் டாலர் வரை பெறலாம். நம்ம ஊர் பணத்தில் தோராயமாக 70 கோடி ரூபாய்.

இதில் 50 லட்சம் டாலர் அலுவலகம், பயிற்சியாளர் சம்பளம், போட்டிகள் போன்ற அன்றாடச் செலவுகளுக்கு. மீதி 30 லட்சம் மைதானம், பயிற்சி மையம் போன்ற திட்டங்களுக்கு. சொந்த வருமானம் மிகக் குறைவாக உள்ள நாடுகளுக்குப் பயணம், உபகரணம் வாங்க மேலும் 12 லட்சம் டாலர் வரை உண்டு.

இதைத் தலைக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். சான் மரினோவில் ஒரு ஆளுக்குச் சுமார் 20 ஆயிரம் ரூபாய் வருகிறது. இந்தியாவில் ஒரு ஆளுக்கு வெறும் 50 காசு. அதுவும் நாலு வருஷத்துக்கு!

ஏன் எல்லோருக்கும் ஒரே தொகை?

முக்கியக் காரணம் ஓட்டு. ஃபிஃபா தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் ஜெர்மனி ஓட்டுக்கும் சான் மரினோ ஓட்டுக்கும் ஒரே மதிப்பு.

1974-ல் பிரேசிலின் ஜோவாவ் ஹாவலாஞ்ச், அப்போதைய தலைவரான இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸைத் தோற்கடித்தார். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்குக் கூடுதல் இடமும் உதவியும் தருவதாகச் சொன்னதுதான் அவருக்குக் கைகொடுத்தது. 2015 ஊழல் புயலுக்குப் பிறகு 2016-ல் தலைவரான ஜியானி இன்ஃபான்டினோவும் உறுப்பு நாடுகளுக்குக் கூடுதல் நிதி என்ற வாக்குறுதியோடுதான் வந்தார்.

இந்தப் பணத்தால் பல சின்ன நாடுகளுக்கு முதல்முறையாக நல்ல மைதானம் கிடைத்தது உண்மை. அதே பணம் தேர்தலில் ஓட்டாகத் திரும்புகிறது என்ற விமர்சனமும் நீண்டகாலமாக இருக்கிறது.

அப்போ இடைவெளி எங்கே வருகிறது?

ஃபிஃபா கொடுப்பது எல்லோருக்கும் சமம். சொந்தமாகச் சம்பாதிப்பதில்தான் வித்தியாசம்.

உலகக் கோப்பை: 2022 கத்தார் தொடரில் சாம்பியன் அர்ஜென்டினாவுக்கு 4.2 கோடி டாலர். முதல் சுற்றோடு வெளியேறிய அணிக்கே 90 லட்சம் டாலர். மூன்று ஆட்டம் ஆடித் தோற்றாலும், நாலு வருஷ வளர்ச்சி நிதியை விட அதிகம்!

ஜெர்சி ஒப்பந்தம்: ஜெர்மனி சம்மேளனம் 2027 முதல் 2034 வரை நைக்கி நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி யூரோ என்று செய்திகள் வெளியாகின.

எந்தக் கண்டம்: ஐரோப்பிய அமைப்பான யூஈஎஃப்ஏ, 'ஹாட்ரிக்' திட்டத்தில் 2024-28 காலத்துக்கு 55 நாடுகளுக்கு 93.5 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறது. சராசரியாக ஒரு நாட்டுக்கு 1.7 கோடி யூரோ. ஆகவே சான் மரினோ சின்ன நாடு என்றாலும் பணக்காரத் தெருவில் வீடு. ஆசியாவில் உள்ள சின்ன நாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தியா பெரிய ஆளா, சின்ன ஆளா?

கிரிக்கெட்டில் கேட்கவே வேண்டாம். ஐசிசி-யின் 2024-27 வருமானப் பங்கீட்டில் பிசிசிஐ-க்கு மட்டும் 38.5 சதவீதம் போவதாகத் தகவல் வெளியானது. 90-க்கும் மேற்பட்ட துணை உறுப்பு நாடுகளுக்குச் சேர்த்தே சுமார் 11 சதவீதம்தான். 'அதிகம் சம்பாதித்துத் தருபவருக்கு அதிகப் பங்கு' என்பது அங்கே இந்தியாவின் வாதம்.

அதே வாதத்தைக் கால்பந்தில் ஐரோப்பிய நாடுகள் வைத்தால், அடிபடப்போவது இந்தியா. ஏனென்றால் கால்பந்தில் நாம் சின்ன நாடுகளின் வரிசையில்தான் நிற்கிறோம். இந்திய ஆண்கள் அணி ஒரு முறை கூட உலகக் கோப்பையில் ஆடியதில்லை. அந்தப் பரிசுப் பணம் ஒரு ரூபாய் கூட வந்ததில்லை.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-ல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைத்தது. அதிலிருந்து ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் வந்துகொண்டிருந்தது. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. புதுப்பிப்பு முடிவாகாததால் 2025 ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். தொடர் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் விடப்பட்ட டெண்டருக்கு ஒருவர் கூட விண்ணப்பிக்கவில்லை. ஒரே வருமானத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

தடை வந்தால் என்ன ஆகும்?

ஃபிஃபா தடை விதித்தால் போட்டியோடு வளர்ச்சித் திட்டங்களும் நின்றுவிடும். நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி 2022 ஆகஸ்டில் இந்தியாவைத் தடை செய்தது. பத்து நாள் கழித்து விலக்கியது. 2023 ஜனவரியில் தடையான இலங்கை, ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சொந்த வருமானம் உள்ள நாடு சமாளித்துவிடும். இல்லாத நாட்டில் அடி வீரர்களுக்குத்தான்.

கொங்குப் பகுதிக்கு இதில் என்ன?

2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கோப்பையை வென்றது. ஆனால் அதே ஆண்டே ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் நிலை லீக் ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போனது. கோவையில் கோப்பை வென்ற அணிக்கு ஐ.எஸ்.எல்.-இல் இடம் கிடைக்கவில்லை. சம்மேளனத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்பது, எந்த ஊருக்குப் பெரிய கால்பந்து வரும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

பவானியில் பந்து உதைக்கும் ஒரு பிள்ளை மேலே போக மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அகில இந்தியச் சம்மேளனம் என்று படி ஏற வேண்டும். ஃபிஃபா பணம் வருவது மேல் படிக்கு. அது 36 மாநில, யூனியன் பிரதேசங்களையும், அவற்றின் மாவட்டங்களையும் தாண்டித்தான் கீழே வர வேண்டும். சான் மரினோவிலோ மொத்த நாடே ஒரே படி.

அடுத்து என்ன?

இப்போதைய நிதிச் சுற்று 2026-உடன் முடிகிறது. அடுத்த சுற்றில் தொகை கூடலாம். ஆனால் அது இரண்டு மடங்கானாலும் இந்தியாவில் ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய்தான். மீதியை உள்ளூர் லீக், டிக்கெட், விளம்பரதாரர், அரசு மைதானம் என்று இங்கேயேதான் திரட்ட வேண்டும்.