ரத்தப் பரிசோதனையும் பயாப்சியும்: ஒரு சிறு வரலாறு



அறிவியல் கட்டுரை எழுதும்போது பலர், "ரத்தப் பரிசோதனை புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடும்" என்று எழுதிவிடுகிறார்கள். தேக்காவில் நாலு பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க, அவங்களும் அப்படித்தான் சொல்வாங்க. வரலாறு சொல்வது வேறு.

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி உருவாக்கும் ஒரு புரதம். 1979இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ரோஸ்வெல் பார்க் ஆய்வு நிலையத்தில் மிங் சூ குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதை அளக்கும் சோதனைக்கு, ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்க மட்டும் 1986இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நோயைக் கண்டறிய உதவும் சோதனையாக 1994இல்தான் ஏற்றது. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது வழக்கமான எல்லைக்கோடாக இருந்தது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் பயாப்சி செய்தார்கள், அதாவது ஊசியால் சிறிது திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

சிக்கலே இங்கேதான். எண் கூடியதால் பயாப்சி செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருந்தது. சுரப்பி வீங்கினாலும், கிருமித்தொற்று வந்தாலும் எண் ஏறும். மற்ற மூவரும் ரத்தக்கசிவு, தொற்று அபாயத்தோடு ஊசியைத் தாங்கினார்கள். எண் குறைவு என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டாத ஆண்களுக்கும் பயாப்சி செய்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானது. அவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் தெரிந்தது.

நம்ம சிங்கப்பூரிலும் இதே கேள்வி எழுந்தது, வயிற்றுப் புற்றுநோயில். எண்டோஸ்கோப்பி குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, சந்தேகம் இருந்தால் திசு எடுக்கணும். எல்லாருக்கும் அதைச் செய்ய முடியுமா? அதற்காக இங்குள்ள மருத்துவர்களும் ஆய்வாளர்களும் உருவாக்கியதுதான் 'காஸ்ட்ரோக்ளியர்'. ரத்தத்திலுள்ள 12 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை அது அளக்கிறது. 2019இல் சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதி தந்தது. 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. இந்தச் சோதனையும் யாருக்கு எண்டோஸ்கோப்பி அவசியம் என்றுதான் காட்டும்.

ஆகவே மாணவர்களே, ரத்தம் தருவது கணிப்பு, திசு தருவது உறுதி. தேர்வில் இந்த இரண்டு சொற்களையும் மாற்றி எழுதிடாதீங்க. வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்கு எண் கூடியிருந்தால் உடனே பயப்பட வேண்டாம். குறைவாக இருந்தும் தொந்தரவு தொடர்ந்தால் சும்மா இருக்க வேண்டாம். "திசு எடுத்துப் பார்க்கணுமா? ஏன்?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்க.