மருந்து கொடுக்கும் உரிமை யாருக்கு?



கண் சிவந்து நீர் வடிந்தால், ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உள்ள கண்ணாடிக் கடைக்குச் செல்வோர் பலர். அங்கே ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் கண்பார்வை வல்லுநர் கருவி கொண்டு சோதிக்கிறார். பிறகு, "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். கண்ணைச் சோதிக்கத் தெரிந்தவர் ஒரு சொட்டு மருந்து எழுதித் தரக் கூடாதா என்று நாம் கேட்கிறோம். மருத்துவர் அல்லாதவர் மருந்து கொடுக்கலாமா என்னும் இந்தக் கேள்வி புதியதன்று. நம் தோட்டங்களிலேயே அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிப நோக்கோடு எழுந்த முதல் இரப்பர்த் தோட்டம் அதுவே எனக் கருதப்படுகிறது. பின்னர் புக்கிட் அசஹானிலும் அவர் பெருமளவில் பயிரிட்டார். மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். காடு அழிந்த இடத்தில் மலேரியா பரவியது. கொக்கிப் புழு நோயும் சீதபேதியும் லயங்களில் பலரை வாரிக்கொண்டு போயின.

அந்நாளில் மருத்துவர்கள் மிகச் சிலரே. ஒரே மருத்துவர் பல தோட்டங்களைச் சுற்றி வருவார். மற்ற நாட்களில் தோட்ட ஆஸ்பத்திரியை நடத்தியவர் டிரஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் அவர் வேலை கட்டுப் போடுவதோடு நிற்கவில்லை. காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்தார், பேதிக்கு மருந்து கலக்கினார், ஊசி போட்டார். மருத்துவர் எட்டாத தூரத்தில் இருந்ததால், மருந்து கொடுக்கும் உரிமை தானாகவே அவர் கைக்கு வந்தது.

அந்தக் கை காப்பாற்றிய உயிர்கள் பல. எனினும் ஒரு குறையும் இருந்தது. எவ்வளவு படித்தவர் டிரஸராகலாம், எந்த அளவுக்கு அவர் மருத்துவம் செய்யலாம் என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டன. நல்ல டிரஸர் வாய்த்த தோட்டம் பிழைத்தது. வாய்க்காத தோட்டம் தவித்தது.

இதனைச் சீர்செய்யவே 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இனிப் பதிவு பெற்றவரே அப்பணியைச் செய்யலாம் என்றாயிற்று. 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டமும் வந்தது. இன்று அரசாங்கக் கிளினிக்குகளில் நம்மைப் பார்க்கும் உதவி மருத்துவ அதிகாரிகள் அந்த வழியில் வந்தவர்களே. ஆக, டிரஸர் வரலாற்றில் உரிமை முதலில் வந்தது. ஒழுங்கு பின்னால் வந்தது.

இதனிடையே 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டன. சிறு துண்டை வாங்கியவரால் ஆஸ்பத்திரி வைத்து நடத்த முடியுமா? டிரஸரை இழந்த குடும்பங்களுக்கு மருத்துவம் மீண்டும் தூரமாயிற்று.

இனிக் கண்ணைப் பற்றிப் பார்ப்போம். கண் துறையில் நம் நாடு 1991ஆம் ஆண்டின் ஆப்டிக்கல் சட்டத்தால் ஒழுங்கு கண்டது. கண்ணைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டும் கண்ணாடி செய்து பொருத்தும் ஆப்டிஷியனும் மலேசிய ஆப்டிக்கல் மன்றத்தில் பதிவு பெற வேண்டும். ஆனால் நோய்க்கு மருந்து எழுதும் உரிமை ஆப்டோமெட்ரிஸ்டுக்குக் கொடுக்கப்படவில்லை. கடுமையான மருந்துகளை யார் கொடுக்கலாம் என்பதை 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம் வரையறுக்கிறது. நமக்குச் சிகிச்சை தரும் மருத்துவர், பல் மருத்துவர், சீட்டைப் பார்த்து மருந்து தரும் மருந்தாளர் ஆகியோர் அதில் இடம்பெறுகிறார்கள், ஆப்டோமெட்ரிஸ்ட் இடம்பெறவில்லை.

வெளிநாடுகள் சில வேறு வழியில் சென்றன. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம் 1971இல், கண்ணைச் சோதிப்பதற்கான மருந்துகளைப் பயன்படுத்த ஆப்டோமெட்ரிஸ்டுகளை அனுமதித்தது. நோயைக் குணப்படுத்தும் மருந்துகளை 1976இல் மேற்கு வர்ஜீனியா முதன்முதலாக அனுமதித்தது. 1990களின் இறுதிக்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதேனும் ஓர் அளவில் அவ்வுரிமையை வழங்கிவிட்டன. பிரிட்டனில் 2008இல் தாமாகவே மருந்து எழுதும் உரிமை வந்தது. அங்கே மேற்படிப்பும், மேற்பார்வையில் பயிற்சியும், தேர்வும் முடித்தவருக்கே அது கிடைக்கிறது.

ஒவ்வொரு முறையும் கண் மருத்துவர்கள் தயங்கினார்கள். அதற்குக் காரணம் உண்டு. செம்பனை வெட்டும்போது மட்டைத் தூசியோ முள்ளோ கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காயத்தில் பூஞ்சைக் கிருமி புகுந்து கருவிழியில் புண் உண்டாகலாம். அப்போது ஸ்டெராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் சிவப்பும் வலியும் தணிவதுபோல் தோன்றும். உள்ளே புண்ணோ ஆழமாகும். நீண்ட நாள் விட்டால் கண்ணின் அழுத்தம் உயர்ந்து, குளோக்கோமா என்னும் நோயால் பார்வையே போகலாம். போன பார்வை திரும்பாது.

ஆப்டோமெட்ரிஸ்டுகளின் வாதமும் தள்ளத்தக்கதன்று. மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளமும் பயணச் செலவும் போகின்றன. அதனால் பலர் நாளைக்கு நாளை என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தாமதமும் கண்ணைக் கெடுக்கிறது. பயிற்சி பெற்றவர் அருகிலேயே இருந்து, சிறு நோய்க்கு மருந்து தந்து, பெரு நோயை இனங்கண்டு உடனே அனுப்பினால் அது நன்மையே.

டிரஸர் வரலாறு நமக்குக் காட்டும் முடிவு இதுதான். தூரம் இருக்கும் வரை, மருத்துவர் அல்லாதவரும் மருந்து கொடுக்க வேண்டிய தேவை இருக்கும். ஆனால் அவ்வுரிமைக்கு முன்னால் படிப்பும், பதிவும், எல்லையும் வந்தாக வேண்டும். அவை பின்னால் வந்தபோது அதன் விலையைக் கொடுத்தவர்கள் லயத்து மக்களே. ஆகவே நம் நாட்டில் இந்த உரிமையைப் பற்றிப் பேச்சு எழும்போது, "கொடுக்கலாமா?" என்பதோடு நில்லாமல், "எந்தப் படிப்புக்குப் பின்? எந்த மருந்துகளை? எந்த நோயை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?" என்றும் நாம் கேட்க வேண்டும்.

அதுவரை ஒன்றைக் கடைப்பிடிப்போம். பக்கத்து வீட்டார் மீதம் வைத்த சொட்டு மருந்தை நம் கண்ணில் விட வேண்டாம். கண்ணில் அடிபட்டாலும், வலியோடு சிவந்தாலும், பார்வை மங்கினாலும், சம்பளம் போனால் போகட்டும் என்று அன்றைக்கே மருத்துவரிடம் செல்வோம்.