பெயர் பொறிக்காத கத்தி

அரசர் ஏந்திய வாளுக்கு வரலாறு உண்டு. அதனைப் புலவர் பாடினர், கல்வெட்டும் சொல்லும். சட்டைப் பையில் அடங்கும் பேனாக்கத்திக்கு வரலாறு உண்டா என்று சிலர் வினவக்கூடும். உண்டு. ஒரு மக்களின் மனப்பாங்கை அறிய விரும்புவோர், அவர்கள் நாள்தோறும் கையில் எடுத்துப் பழகிய சிறு கருவிகளையே முதலில் நோக்க வேண்டும்.

மடக்குக்கத்தி வாங்குவோர் இரு திறத்தார். அலகில் பூவேலைப்பாடும், பளிச்சிடும் எழுத்துகளும், பெரிய முத்திரையும் இருந்தால்தான் கத்திக்கு மதிப்பு என்று கருதுவோர் ஒரு சாரார். எழுத்தும் கோடும் இல்லாத தூய அலகு, கைக்கு இணங்கிய பிடி, தளராத ஆணி, இவை போதும் என்பார் மற்றொரு சாரார். இரண்டாவது விருப்பம் இக்காலத்து நாகரிகம் என்று பலர் எண்ணுகின்றனர். அது நம் நாட்டில் வேரூன்றிய பழைய விருப்பம். அதனால் நாம் பெற்ற பயனும் உண்டு. அதற்காக நாம் கொடுத்த விலையும் உண்டு. இவ்விரண்டையும் ஈண்டுக் காண்போம்.

அணி செய்த படைக்கலத்தை ஐயத்தோடு நோக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அவை விளங்கின. அதியமானின் வேல்களோ போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இச்செய்தியைச் சொல்கிறது. கேட்பதற்குப் புகழ்ச்சி போலத் தோன்றும் அச்சொல்லில் எத்துணை இகழ்ச்சி! உழைத்துத் தேய்ந்த இரும்பே உயர்ந்தது என்னும் துணிவு அதில் அடங்கியிருக்கிறது.

இனிப் போர்க்களத்தை விட்டு ஏட்டுச்சுவடிக்கு வருவோம். தமிழர் தம்மோடு எடுத்துச் சென்ற சிறு கத்தியை அங்கேதான் காண்கிறோம். பனையோலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி ஒன்று மட்டும் போதாது. ஓலையை ஓரம் வாரி, அளவாக நறுக்கக் கத்தியும் வேண்டும். ஆகவே நம் முன்னோர் இரண்டையும் ஒன்றாக்கினர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வாழ்க்கை வரலாற்றில் எழுத்தாணியின் வகைகளை விளக்கியிருக்கிறார். மேலே கனத்த கொண்டை உடையது குண்டெழுத்தாணி. ஒரு முனை எழுதவும் மறு முனை ஓலை வாரவும் அமைந்தது வாரெழுத்தாணி. கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடிக்குள் மடங்கி அடங்குவது மடக்கெழுத்தாணி. மேனாட்டார் இறகு சீவுவதற்கென்று பேனாக்கத்தி செய்தனர். நாம் ஓலை வாருவதற்கென்று மடக்கெழுத்தாணி செய்தோம். இரண்டும் எழுத்துத் தொழிலில் பிறந்த உடன்பிறப்புகள்.

இத்தகைய கருவியின் அலகில் சித்திரத்துக்கு இடமில்லை. ஓலையின் ஓரம் பிசிறின்றி வர வேண்டுமானால் அலகு வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். செதுக்கிய கோடுகளில் பழச்சாறும் ஈரமும் தங்கும். தங்கிய இடத்தில் துரு பிடிக்கும். எஃகின் மேல் ஆழமாக வெட்டிய எழுத்து, மெல்லிய அலகின் வலிமையைக் குறைப்பதும் உண்டு. நன்கு செய்த சிறு கத்தியைத் துடைத்தால் ஒரே துடைப்பில் தூய்மையாக வேண்டும். சாணையில் வைத்தால் தடையின்றி ஓட வேண்டும். எளிமை இங்கே வறுமையின் அடையாளமன்று, வேலையின் தேவை.

அணிகலனாகும் கத்திகளும் நம் நாட்டில் உண்டு என்பதை மறுக்க வேண்டுவதில்லை. கருநாடகத்தைச் சேர்ந்த குடகு நாட்டில் கொடவர் மணவிழாவில் இடையில் செருகும் பீச்சேகத்தி, வெள்ளியும் பொன்னும் இழைத்து அழகு செய்யப்பெற்றது. அவர்களே காட்டுப்பாதையில் புதர் வெட்ட எடுத்த ஒடிகத்தியோ அகன்று வளைந்த வெற்றலகு உடையது. விழாவுக்கு ஒன்று, வினைக்கு ஒன்று என்று அவர்கள் தெளிவாகப் பிரித்து வைத்தனர். வினைக்குரிய கத்தியை விழாக்கோலத்தில் அமைப்பதே நாம் வேண்டாம் என்பது.

கத்தியின் உயிர் அதன் எஃகு. பெங்களூரில் ஜீவனஹள்ளியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் தமிழர் இதனை அறிந்து மகிழ இடமுண்டு. 1809-இல் பெங்களூர்க் கண்டோன்மெண்ட் அமைந்தது முதல் தமிழர் பலர் இந்நகரின் கிழக்குப் பகுதிகளில் குடியேறினர். அவர்கள் வந்து சேர்ந்த நாடு, உருக்கு விளைந்த நாடு. நாம் உருக்கு என்றும் எஃகு என்றும் வழங்குவதைக் கன்னடர் உக்கு என்பர். உலகநூல்களில் இந்திய உருக்குக்கு ‘வூட்ஸ்’ என்று ஒரு பெயர் காணப்படுகிறது. அது இந்த ‘உக்கு’ என்னும் சொல்லின் திரிபே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை.

அதனை ஆக்கிய முறை வியப்புக்குரியது. இரும்புத் துண்டுகளை ஆவாரைக் கட்டையோடும் பச்சிலையோடும் மூசை என்னும் சிறு மண்கலத்தில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைப்பர். பல மூசைகளை உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவர். கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பில் கலக்கும். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி கலந்த கடினமான எஃகுக் கட்டி கிடைக்கும். ஈரோடு மாவட்டத்தில் நொய்யற்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளை வெளிப்படுத்தின. 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மாகடிப் பகுதியில் உருக்கு ஆக்கியதையும், சன்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு எஃகுக் கம்பி இழுத்ததையும் எழுதி வைத்தார். அவ்விரண்டு ஊர்களும் பெங்களூருக்கு மேற்கே ஒரு நாட்பயணத்துள் அடங்குவன.

இந்த உருக்கின் பெருமையை மேனாட்டுக்கு எடுத்துச் சொன்னது ஒரு பேனாக்கத்தியே. 1794-இல் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இந்திய உருக்குக் கட்டிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அவை அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் கைக்குச் சென்றன. அவர் விருப்பப்படி, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் ஒரு துண்டை அடித்துப் பேனாக்கத்தி செய்தார். அடிப்பதற்கு அது மிகவும் அரிதாக இருந்தது. ஆயினும் முடிந்த கத்தி, அந்நாட்டின் சிறந்த எஃகுக் கத்திக்கு இணையாக வெட்டியது. பல வேலைகளுக்கு இவ்வுருக்கே மேலானது என்று ஸ்டோடார்ட் முடிவு செய்தார். ஜார்ஜ் பியர்சன் 1795-இல் அரச கழகத்தில் படித்த கட்டுரையில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பின்னர்க் கொல்லன் மகனாகிய மைக்கேல் பாரடே 1819-இல் இவ்வுருக்கைப் பகுத்தாய்ந்து எழுதினார்; ஸ்டோடார்ட்டும் அவரும் சேர்ந்து எஃகுக் கலவைகளைப் பற்றி நெடிய ஆராய்ச்சி நடத்தினர்.

இங்கே ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். பேங்க்ஸும் பியர்சனும் எந்த முத்திரையைக் கண்டு அக்கட்டியை மதித்தனர்? முத்திரையைக் கண்டு மதிக்கவில்லை. வெட்டிப் பார்த்தே மதித்தனர். கூர் தானே சான்று சொன்னது.

முத்திரை பயனற்றது என்று சொல்லிவிடவும் ஆகாது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் கத்தித் தொழிலாளர் கழகம் 1624-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளரும் தமக்குரிய குறியைப் பதிவு செய்துகொண்டு அலகில் அடித்தனர். குறி என்பது ஒரு வாக்குறுதி. கத்தி கெட்டால் யாரைக் கேட்பது என்று அது சொல்லும். ஆனால் குறி புகழ் பெற்றதும் போலி பிறந்தது. வேற்றிடத்துக் கத்திகளிலும் ஷெபீல்டு என்னும் பெயர் அடிக்கப்பட்டது. அதனைத் தடுக்க இங்கிலாந்தில் 1887-இலும் இந்தியாவில் 1889-இலும் வணிகக்குறிச் சட்டங்கள் இயற்ற வேண்டியதாயிற்று. எழுத்தைப் பொய்யாக அடிக்கலாம். எஃகின் தரத்தை அவ்வாறு அடிக்க முடியாது. தெருவில் சாணை பிடிக்கும் தொழிலாளி அலகின் பெயரைப் படித்துத் தரம் சொல்வதில்லை. கல்லில் வைத்ததும் தெறிக்கும் தீப்பொறியையும், விரலில் உணரும் விளிம்பையும் கொண்டே சொல்கிறார்.

இதுகாறும் எளிமையின் பயனைக் கண்டோம். இனி அதன் விலையைக் காண்போம்.

பியர்சன் பெயர் நமக்குத் தெரியும். ஸ்டோடார்ட் பெயரும் தெரியும். ஸ்டோடார்ட் தம் கடைச் சீட்டில், இந்திய உருக்காலான கத்திகள் தம்மிடம் கிடைக்கும் என்று பெருமையோடு அச்சிட்டார். ஆனால் உலையின் முன் அமர்ந்து அந்த உருக்கை ஆக்கிய கொல்லன் யார்? அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் மக்கட்பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பானைக்கும் கோயிலுக்கும் கிடைத்த இந்தச் சிறப்பு உலகை வியக்கவைத்த உருக்குக்குக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டு ஆலை எஃகு மலிவாக வந்து குவிந்தபோது உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. பெயர் இருந்திருந்தால் அவை அவியாமல் இருந்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அவிந்தபோது இன்னாருடைய உலை அவிந்தது என்று வருந்தவேனும் இயன்றிருக்கும்.

அலகும் தூயதாக இருக்க வேண்டும். ஆக்கியோன் பெயரும் அழியாதிருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே இயலுமா? இயலும் என்று ஜப்பானிய வாட்கொல்லர் காட்டினர். அவர்கள் தம் பெயரை அலகின் முகத்தில் வெட்டுவதில்லை. பிடிக்குள் மறைந்து கிடக்கும் வாற்பகுதியில் வெட்டுவர். பிடியைக் கழற்றுவோருக்கே பெயர் தெரியும். வெளியே எஃகு மட்டும் விளங்கும். பெயரில்லாத பழைய வாள்களையும் அவர்கள் வடிவும் எஃகின் இயல்பும் கொண்டு மதித்துப் போற்றுகின்றனர். அடக்கமும் நினைவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது தக்க சான்று.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு இரண்டு கடமைகளை உணர்த்துகிறது. கத்தி வாங்கும்போது முத்திரையின் அழகில் மயங்காது, அலகு நேராக உள்ளதா, மடக்கும் ஆணி ஆடாமல் நிற்கிறதா, விளிம்பு கூரைத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குதல் ஒன்று. அதனை ஆக்கியவரையோ தீட்டித் தந்தவரையோ நேரில் காணும் பேறு வாய்த்தால், பெயர் கேட்டு நினைவில் வைத்தல் மற்றொன்று. ஜீவனஹள்ளியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் உக்கு என்று படிக்கலாம். வீட்டில் உருக்கு என்று கேட்கலாம். இரு சொல்லும் ஒரே உலைத்தொழிலைக் குறிப்பன என்பதை நாமே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அத்தொழிலைச் செய்தவர் பெயர்கள் மறைந்தன. அவர்கள் செய்த வேலையின் கதையேனும் மறையாதிருக்கட்டும்.