எருது விளையாடிப் பட்டான்



வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், பொண்ணு கேக்கறா. ஸ்பெயின்ல நடக்கறதும் நம்ம ஜல்லிக்கட்டும் ஒண்ணுதானா?" போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வித்தியாசம் பெயரிலேயே இருக்கிறது. அங்கே கடைசியில் வாளோடு நிற்பவர் 'மத்தாதோர்'. கொல்பவர் என்று பொருள். நம்மிடம் அவர் 'மாடுபிடி வீரர்'. கலித்தொகையில் முல்லைக்கலி பாடும் விளையாட்டுக்கு 'ஏறு தழுவுதல்' என்றே பெயர். தழுவுதல் என்றால் அணைத்துக்கொள்வது. 2017 விதிகளும் அதையே சொல்கின்றன: திமிலை மட்டும் அணைக்கலாம், 15 மீட்டர், அல்லது 30 வினாடி, அல்லது மாட்டின் மூன்று துள்ளல். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. பிடிபடாத மாடு ஜெயித்தது, பரிசு மாட்டுக்காரருக்கு.

மற்ற சொற்களையும் பார்ப்போம். 'வாடி' என்றால் அடைப்பு. விறகு வாடி, மர வாடி என்கிறோமே, அதே வாடிதான். அதன் வாசல் வாடிவாசல். அங்கே மூக்கணாங்கயிற்றை அறுத்து மாட்டை விடுவார்கள். முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் தொடமாட்டார்கள். கொம்பில் துணியில் முடிந்து கட்டிய சல்லிக்காசுதான் 'சல்லிக்கட்டு' ஆனது என்பார்கள். ரோட்டுக்குப் போடும் ஜல்லி இல்லை!

திறந்த வெளியில் அவிழ்த்து விட்டால் மஞ்சுவிரட்டு. நீண்ட வடத்தில் கட்டி, ஒரு குழு இறங்கி அடக்கினால் வடமாடு. எருது விடும் விழாவில் மாடு ஓடுவதுதான் போட்டி. அது வேலூர்ப் பக்கம். நம்ம வேலூர் இல்லை, கோட்டை வேலூர்! நம் சேலம் பக்கம் கயிறு பிடித்து ஆட்டும் எருதாட்டம் உண்டு. வெற்றிலையும் வாழையுமான நம் காவிரிக்கரையிலிருந்து வாடிவாசல் பார்க்க வேண்டுமானால் தம்மம்பட்டி, கூலமேடு என்று ஆத்தூர்ப் பக்கம் போவார்கள்.

வகுப்பில் இவ்வளவும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. சேலம் மாவட்டத்துக் கருவந்துறையில் ஒரு நடுகல் கிடைத்தது. கோவுரிச் சங்கன் என்பவன் அந்த ஊரில் 'எருது விளையாடிப் பட்டான்' என்கிறது அதன் எழுத்து. பட்டான் என்றால் இறந்தான். கல்லில் மகன் பெயரும் இருக்கிறது: பெரிய பயல். அப்பனுக்கு மகன் நட்ட கல்.

'விளையாடி' என்ற சொல்லும் 'பட்டான்' என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் சொல்லை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது என் குறைதான்.

2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா நிறைந்தது, சட்டம் வந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. வழக்கில் ஜெயித்துவிட்டோம். விதியைக் காப்பதுதான் இனி நம் வேலை. பார்க்கப் போகிறவர்கள், களம் முடிந்து மாடு வெளியேறும் வழியில் நிற்காதீர்கள். அங்கே காளைக்கு யார் வீரர், யார் வேடிக்கை பார்ப்பவர் என்று தெரியாது.

மாட்டைக் கொல்லாத விளையாட்டு என்று பொண்ணுகிட்ட சொல்லுங்க தம்பி. கூடவே அந்தப் பெரிய பயலைப் பற்றியும் சொல்லுங்க.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
பரமத்தி வேலூர்