நீலகிரிக் கற்குவைகளும் அவற்றின் உரிமையும்

நீலகிரி மேட்டுநிலத்தின் குன்றுமுடிகளில் காணப்படும் கற்குவை ஈமச்சின்னங்கள் தமிழகப் பெருங்கற்கால ஆய்வில் தனித்து வைத்து எண்ணத்தக்கவை. வட்டமாக அடுக்கிய கற்சுவர் அல்லது கற்குவியல், அதனுள் சாம்பல், கரி, எரிந்த எலும்பு, மட்கலங்கள் என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு. சில கிணற்றுச் சுவர் போல் உட்குழிந்தவை.

இவற்றைப் பற்றி 1847இல் விரிவாக எழுதிய கான்கிரீவ், இவை தோடர்களின் முன்னோர் அமைத்தவை என்றார். தோடர்களைச் சிதியரின் வழித்தோன்றல்களாகவும் கருதினார். பின்னது இன்று ஏற்கத்தக்கதன்று. நீலகிரியின் முதல் ஆணையராகிய பிரீக்ஸ் பல குவைகளைத் தோண்டினார். அவர் 1872இல் மறைய, அவர்தம் மனைவியார் பதிப்பித்து 1873இல் நூல் வெளிவந்தது. தோண்டிய இடங்களையும் கிடைத்த பொருள்களையும் ஓரளவேனும் குறித்து வைத்தமை பிரீக்ஸின் தனிச்சிறப்பாகும். பொருள்வேட்கையோடு தோண்டிய ஏனையோர் அதனையும் செய்திலர். எந்தக் கலம் எந்தக் குழியினது என்பது தெரியாமற்போனதே இன்றைய காலக்கணிப்பின் பெருந்தடை.

கலமூடிகளின் மேல் அமைந்த சுடுமண் உருவங்களே வழக்கின் மையம். கழுத்தில் மணி கட்டிய எருமைகள் தோடர் சார்பைக் காட்டுகின்றன. ஆயின் குதிரை, குதிரைவீரர், யானை, சிறுத்தை ஆகியனவும் உள. தோடர் மட்கலம் வனைவதில்லை, கோத்தரிடமே பெற்றனர். குவைகளைப் பிறர் தோண்டியபோது அவர்கள் தடுக்கவில்லை என்பதும் மறுப்பாகக் காட்டப்படுகிறது. இம்மறுப்பு வலுவுடையதன்று. பல நூற்றாண்டு கடந்த புதைகுழியின் நினைவு ஒரு குடியினரிடம் அற்றுப்போதல் இயல்பே. அன்றியும், ஈமச்சடங்கின் இறுதியில் சாம்பலைக் கல்வட்டத்துள் புதைக்கும் வழக்கம் தோடரிடம் இருந்தது. இருதரப்பாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோடர் வாழ்வையே பழமைக்கு அளவுகோலாகக் கொண்டனர் என்பதே உண்மை.

வெண்கலக் கிண்ணங்களும் பொன்னணிகளும் வேறொன்றை உணர்த்துகின்றன. இவை சமவெளித் தொடர்பின்றி மலைக்கு வந்திருத்தல் அரிது. இவற்றுள் பலவற்றைப் பொதுக்காலத் தொடக்க நூற்றாண்டுகளோடு பொருத்துவோர் உளர். அவ்வாறாயின் 'வரலாற்றுக்கு முந்தைய' என்னும் அடைமொழி பொருந்தாது. சங்கப் பாடல்கள் கல்லடுக்கிய பதுக்கைகளைக் குறித்த காலத்துக்கு இவை நெடுந்தொலைவில் இல்லை. எனினும் வழிப்பறியில் மாண்டோர்க்குப் பாலைநெறியில் குவித்த பதுக்கையையும், பொன்னும் வெண்கலமும் இட்டு முகட்டில் எழுப்பிய இக்குவையையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும்.

இத்தொகுதிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரீக்ஸின் குறிப்புகளோடு ஒருங்கு வைத்து நோக்கிய பின்னரே உரிமை பற்றிய வழக்கை மீண்டும் எடுத்தல் தகும்.