கோர்ட் கலையும் வரை

பெட்டி கேஸில் மாட்டியவருக்குக் கோர்ட் வாசலிலேயே யோசனை கிடைத்துவிடும்: "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடுங்க." குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரமான ப்ளீ பார்கெய்னிங் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே வராந்தாவில் குடியிருந்த வழக்கம் இது.

உணவுக் கலப்பட வழக்குகளில் இந்தப் பேரம் துணிச்சலாகவே நடந்தது. குறைந்தபட்சத் தண்டனையே 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம் என்றது சட்டம். வியாபாரி குற்றத்தை ஒத்துக்கொள்வார். 'கோர்ட் கலையும் வரை' சிறை என்று தீர்ப்பாகும். சாயங்காலம் நீதிபதி எழுந்து போகும்வரை அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், தண்டனை முடிந்தது.

1976-ல், முரளிதர் மேக்ராஜ் லோயா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைச் சாடினார். இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் திருப்தி, வாய் திறக்காத சமூகத்துக்கு மட்டும் நஷ்டம் என்பது அவர் வாதம்.

பணக்கார வியாபாரி தப்புவது பாதிக் கதைதான். 1980-ல் வந்த காசம்பாய் வழக்கில் மறுபாதி தெரிந்தது. குஜராத்தில் பேரம் பேசிக் குற்றத்தை ஒத்துக்கொண்டவருக்கு லேசான தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றமோ அதைக் கூட்டிவிட்டது. வாக்கை நம்பி வாயைக் கொடுத்தவர் கதி என்ன? ஒப்புதலே செல்லாது, முறையாக விசாரியுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதி. இழுத்தடிக்கும் விசாரணைக்குப் பயந்து நிரபராதியும் ஒத்துக்கொள்ளக்கூடும் என்பது அவருடைய கவலை.

தேங்கிய வழக்குகள் அந்தக் கவலையை ஓரங்கட்டின. 2006 ஜூலை 5 முதல் பேரம் சட்டபூர்வமானது. 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கும் அப்போது அதில் இடம் தரப்படவில்லை. மனுதாரர் மனமுவந்துதான் வந்தாரா என்று நீதிபதி அவரைத் தனியே விசாரிக்க வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் ஊருக்குத் திரும்பத் துடிப்பவர் அங்கே வேறென்ன சொல்வார்?

2020-ல் டெல்லி தப்லீக் ஜமாத் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர்மீது விசா விதிமீறல், தொற்றுநோய் விதிமீறல் வழக்குகள் பாய்ந்தன. மலேசியர்கள் பலர் பேரத்துக்கு ஒத்துக்கொண்டு, தலைக்கு 7,000 ரூபாய் அபராதம் கட்டிக் கிளம்பினார்கள். பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்த வழி அதுதான். வழக்கை நடத்தியே தீருவோம் என்று நின்றவர்கள் 44 பேர். அவர்களில் 8 பேரை நீதிமன்றம் ஆகஸ்டிலேயே வழக்கிலிருந்து விடுவித்தது. மீதி 36 பேரும் குற்றமற்றவர்கள் என்று டிசம்பரில் தீர்ப்பளித்தது.